பொங்கல் சாமான் போனில் வருகிறது: வன்னிச் சந்தி ஒன்றிலிருந்து சில குறிப்புகள்

மார்கழி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம். கடையைப் பூட்டுகிற நேரத்தில் அக்கா ஒருவர் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு அவசரமாக உள்ளே வந்தார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர். கணவரை 2009 இல் இழந்தவர். ஒரே மகள் உயர்தரம் படிக்கிறாள். கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. பார்சல் வந்திட்டுதாம், விலாசம் பிழையாம். காட் நம்பர் கேட்டது, போட்டிட்டன். இப்ப இன்னொரு நம்பர் வந்திருக்கு. அதையும் போடட்டாம்.”

பொங்கலுக்கு மகளுக்கு ஒரு சட்டை போனில் ஓடர் பண்ணியிருந்தார். ஆகவே பார்சல் என்று வந்த செய்தியைச் சந்தேகிக்க அவருக்குக் காரணம் இருக்கவில்லை. செய்தி ஆங்கிலத்தில், அஞ்சல் திணைக்களம் அனுப்பியதுபோல இருந்தது. ஆனால் அதிலிருந்த இணைப்பு திணைக்களத்தினுடையது அல்ல. அடுத்ததாக வந்திருந்த செய்தி வங்கியினுடையது. ஆறு இலக்கங்கள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில், 38,000 ரூபா கொடுப்பனவுக்கான எண் இது, எவருக்கும் சொல்லவேண்டாம் என்று இருந்தது. அக்காவின் கணக்கில் இருந்ததே நாற்பத்தோராயிரம் சொச்சம்தான். உடனே வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்தினோம்.

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால்தான் அவர் என்னிடம் வந்தார். அன்று அது அவரைக் காப்பாற்றியது. ஆனால் கடை பூட்டியிருந்தால்? பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஒரு சந்தியில் சிறிய தொடர்பாடல் நிலையம் ஒன்றை நான் நடத்துகிறேன். ரீலோட், போட்டோப் பிரதி, விண்ணப்பப் படிவம், பரீட்சைப் பெறுபேறு பார்த்துக் கொடுப்பது ஆகியவைதான் என் தொழில். கடந்த சில வருடங்களாக, தீபாவளி தொடக்கம் தைப்பொங்கல் வரை, அதைவிடப் பெரிய வேலை ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. சனங்களுக்கு போனில் சாமான் வாங்கிக் கொடுப்பது. இந்த மேசையில் இருந்து பார்த்தவற்றைத்தான் எழுதுகிறேன்.

பற்றரியும் தடைப்பட்ட நிலத்தில்

எங்கள் தலைமுறைக்கு பண்டிகைச் சாமான் வாங்குவது என்பது சாதாரண விடயமாக இருந்ததில்லை. 1990 இற்குப் பின் வந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், சீமெந்து, யூரியா என்று தொடங்கிய பட்டியலில் ரோர்ச் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். வருடத்தில் ஒரு புது உடுப்பு கிடைத்தால் அது தீபாவளிக்கோ பொங்கலுக்கோதான். அதுவும் யாராவது வவுனியாவுக்குப் போய்வந்தால்தான். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது சாமான்கள் வந்தன. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மூடப்பட்டது. பிறகு நடந்ததை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இதை இங்கே நினைவுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் வாங்கும் பழக்கத்தைப் பற்றி எங்கள் படித்தவர்கள் பேசும்போது, “சனம் ஆடம்பரத்துக்குப் பழகிவிட்டது” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒரு சோடிப் பற்றரிக்குச் சோதனைச் சாவடியில் பதில் சொன்ன ஒருவருக்கு, கொழும்பில் இருக்கும் ஒரு பொருள் மூன்றாம் நாள் தன் படலையடியில் வந்து நிற்பது என்பது ஆடம்பரம் மட்டுமல்ல. அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. அந்த மரியாதையைப் பயன்படுத்தித்தான் ஏமாற்றுகிறவர்களும் வருகிறார்கள்.

கணக்குப் பார்த்தால் போன்தான் மலிவு

அந்த அக்காவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். சட்டை 2,850 ரூபா. கூரியர் கட்டணம் 400. அதே சட்டையை வாங்கத் தாயும் மகளும் கிளிநொச்சிக்குப் போவதென்றால் இரண்டு பேருக்கும் போக வர பஸ் காசு, மதியச் சாப்பாடு, அதற்கு மேலே அக்காவின் ஒரு நாள் தோட்டக் கூலி. மகளின் ரியூசன் வகுப்பும் ஒன்று போகும். நானூறு ரூபா கட்டணம் இவை எல்லாவற்றையும்விடக் குறைவு.

இன்னொருவர் என் நண்பர். செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டதில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பஸ் எங்கள் வீதியில் இல்லை. ஏறினாலும், எங்கள் புடைவைக்கடைகளின் வாசற்படியில் நாற்காலி ஏறாது. பதினைந்து வருடமாக அவர் உடுத்தது எல்லாம் மற்றவர்கள் பார்த்து வாங்கிவந்த சேட்டுகள். போன தீபாவளிக்கு என் கடை வாசலில் இருந்து இரண்டு மணித்தியாலம் போனைத் தட்டித் தட்டிப் பார்த்து, ஒரு கத்தரிப்பூ நிறச் சேட்டு எடுத்தார். “இந்த நிறத்தில எனக்கு ஒருத்தரும் வாங்கித் தரமாட்டினம்” என்று சிரித்தார். கைத்தொலைபேசி செய்த நன்மை எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆகவே போனில் வாங்காதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சொன்னாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை. இலங்கையில் சனத்தொகையைவிடக் கைத்தொலைபேசி இணைப்புகள் அதிகம். எங்கள் கிராமங்களில் கியூஆர் என்ற சொல் 2022 எரிபொருள் வரிசையில் வந்தது. அந்த ஆவணியில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டம்போட்ட சதுரத்தை அச்சடித்து பிளாஸ்ரிக் உறை போட்டுக் கொடுத்தது என் கடைதான். பஞ்சம் கற்றுக்கொடுத்த பாடம் இப்போது பண்டிகைக்குப் பயன்படுகிறது.

லைவ் வியாபாரமும் மூடிய பார்சலும்

எங்கள் பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் செயலிகளில் அல்ல. பேஸ்புக் லைவில்தான். இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஒருவர் சாறிகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவார். பிடித்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும். பெயர், விலாசம், இரண்டு போன் நம்பர். பொருள் வந்ததும் காசு.

பொருள் வந்ததும் காசு என்பது பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. அனேகமாகக் கூரியர் பொடியனிடம் காசைக் கொடுத்த பிறகுதான் பார்சலைப் பிரிக்கலாம். அவன் சந்தியில் நின்று இன்னும் முப்பது வீட்டுக்கு அழைக்கவேண்டியவன். எங்கள் மீள்குடியேற்ற வீடுகளுக்கு இலக்கமும் ஒழுங்காக இல்லை. “கோயிலடி, பெரிய புளிக்குப் பக்கத்தில” என்பதுதான் விலாசம். பொதி செய்தவனும் அவனல்ல. பிரித்துப் பார்த்து, சாறி வேறு நிறம், துணி கண்ணாடித்தாள்போல இருக்கிறது என்று அவனோடு சண்டைபிடிப்பதில் நியாயம் இல்லை. விற்றவரை அழைத்தால் ஒரு முறை எடுப்பார்கள். இரண்டாம் முறை எங்கள் நம்பர் தடைசெய்யப்பட்டிருக்கும். முகவரி இல்லாத பக்கம் ஒன்றின் மீது எங்கே போய் முறையிடுவது?

முறையிட இடம் இல்லாமல் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் பொய்யாகக் காட்டி விற்பதைத் தடைசெய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். இணையத்தில் செய்யும் கொடுக்கல் வாங்கலையும் அதன் பதிவுகளையும் 2006 ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதாவது நீங்கள் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷொட் வெறும் படம் அல்ல, ஒரு சான்று. ஆனால் சட்டம் இருப்பதும், மூவாயிரம் ரூபா சட்டைக்காக ஒரு கூலித் தொழிலாளி அதன் பின்னால் அலைவதும் வேறு வேறு. விற்பவர் யார், கடை எங்கே என்று தெரியாத இடத்தில் சட்டத்துக்கும் கை எட்டாது.

பக்கத்து வீட்டுக் கேக்

இந்தக் காலத்தின் புது வியாபாரம் ‘சர்ப்ரைஸ் டெலிவரி’. கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் மகன் போனில் ஓடர் பண்ணுவான். இங்கே அம்மாவின் வீட்டு வாசலில் கேக், பூச்செண்டு, புடைவை, சில வேளை ரூபாத் தாள்களைக் கோத்த மாலை. கொண்டுவருகிறவர்கள் பாட்டும் போட்டு, அம்மா அழுவதைக் காணொளியாக எடுத்து வலையேற்றுகிறார்கள். அதுதான் அவர்களுக்கு விளம்பரம்.

பத்து வருடமாகப் பிள்ளையைக் காணாத தாய்க்கு அந்தக் கேக் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பக்கத்து வேலியால் பார்த்துக்கொண்டு நிற்கும் வீட்டையும் நான் பார்க்கிறேன். அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் யாரும் இல்லை. முன்பு எங்கள் ஊரில் வசதியானவர்கள் வாங்குவது இத்தனை வெளிச்சமாகத் தெரியாது. இப்போது வாசலிலும் தெரிகிறது, போனிலும் தெரிகிறது. பொங்கலுக்கு முதல் வாரத்தில் என்னிடம் தவணைக்குப் பொருள் எடுக்க முடியுமா என்று கேட்டு வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான்.

மூன்று தவணை

“இப்போது வாங்குங்கள், மூன்று தவணையில் கட்டுங்கள், வட்டி இல்லை” என்ற விளம்பரம் பண்டிகைக் காலத்தில் போனைத் திறந்தாலே வருகிறது. ஒழுங்காகக் கட்டக்கூடிய மாதச் சம்பளக்காரருக்கு இதில் நன்மை உண்டு. தவணை தப்பினால் தாமதக் கட்டணம் வரும் என்பது சின்ன எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருக்கும். வருமானம் மழையிலும் வயலிலும் தங்கியிருக்கிற ஒரு குடும்பத்துக்குத் தவணை தப்புவது விதிவிலக்கல்ல.

கடன் எங்கள் பெண்களிடம் எப்படி வந்தது என்பதை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். போர் முடிந்ததும் வங்கியை முந்திக்கொண்டு நுண்கடன் கொம்பனிகள் வந்தன. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்று அறவிட்டார்கள். நிலைமை முற்றி, 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கவேண்டி வந்தது. அந்தக் கடனுக்கு ஒரு முகம் இருந்தது. வாசலில் நின்றவனோடு வாதாடலாம், அவனுக்கு எதிராக ஊர் கூடலாம். போனில் வரும் கடனுக்கு முகம் இல்லை. குறுஞ்செய்தி மட்டும்தான். ஊர் கூடி எதிர்ப்பதற்கு வாசலில் ஒருவரும் இல்லை. புடைவை வாங்கத் தொடங்கும் தவணை நாளைக்கு அரிசிக்கும் மருந்துக்கும் வரும்போது நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று இப்போதே யோசிக்கவேண்டும்.

எழுதிக் கொடுத்த விபரங்கள்

குடும்ப விபரம் கொடுத்தே பழகிய சனம் நாங்கள். முகாமில் கொடுத்தோம். மீளக் குடியேறியபோது கொடுத்தோம். படையினர் வீட்டுக்கு வந்து பதிந்தபோதும் கொடுத்தோம். 2011 இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் அந்தப் பதிவுக்கு எதிராக உயர்நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாங்கள் இப்போது முன்பின் தெரியாத ஒரு பக்கத்துக்குப் பெயர், விலாசம், இரண்டு நம்பர், சில வேளை அடையாள அட்டைப் படம்கூட அனுப்பிவிடுகிறோம். அது பார்சலின் மேல் ஒட்டப்பட்டுப் பத்துக் கை மாறி வருகிறது. தனியாக வாழும் ஒரு பெண்ணின் நம்பர் பத்துப் பேருக்குத் தெரிவது எங்கள் ஊர்களில் சின்ன விடயமல்ல. இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்புகளைப் பற்றி என்னிடம் முறையிட்ட பெண்கள் இருக்கிறார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. என் கடைக்கு வருகிற ஒருவருக்கும் அதன் பெயர் தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒரு அம்மா, காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சேட்டு எடுத்து அலுமாரியில் வைப்பார். முழங்கால் நோவால் சந்தைக்குப் போக முடியாமல், போன வருடம் பேத்தியைக் கொண்டு போனில் தேடுவித்தார். அன்றிலிருந்து அந்தப் போனில் ஆண்களின் சேட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன. “உங்களுக்காகத் தெரிவுசெய்தவை” என்று. “பிள்ளை, இதை வராமப் பண்ணேலாதோ?” என்று கேட்டார். அந்த விளம்பரங்களை நிறுத்த எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. அந்தத் தெரிவுகள் எல்லாம் ஆங்கிலத்தில், ஏழெட்டுப் பக்கம் தாண்டி இருந்தன.

“நீர் கொழும்புக்கு யாவாரம் பிடிக்கிறீர்”

என் கடைக்கு எதிரே ஒரு புடைவைக்கடை. முதலாளிக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். 2012 இல் தகரக் கொட்டிலில் தொடங்கினார். தீபாவளிக்கு இரண்டு நாளுக்கு முதல் என் கடை வாசலில் நாலைந்து பார்சல் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“தம்பி, நீர் இங்க இருந்துகொண்டு கொழும்புக்கு யாவாரம் பிடிச்சுக் குடுக்கிறீர். இதுகள் காசில்லாமல் வரேக்க கொப்பியில எழுதிக் குடுத்தவன் நான்.”

அது உண்மை. 2022 இல் விலைவாசி தலைக்கு மேல் போனபோது பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பைக் கொப்பிக் கணக்கில் கொடுத்தவர் அவர். எந்தச் செயலியும் அப்படிக் கொடுக்காது. நான் ஒரு ஓடருக்கு ஐம்பது ரூபா வாங்குகிறேன். மிச்சக் காசு ஊரை விட்டுப் போகிறது. எங்கள் சந்தியில் புழங்கவேண்டிய காசு அது. ஆனால் அவரிடம் இருப்பது ஒரே மாதிரி இருபது சட்டை. விலையும் கூட. 2024 தை மாதம் வற் வரி 18 வீதமானதிலிருந்து மொத்தக் கடையிலேயே விலை ஏறிவிட்டது என்கிறார். சனத்தைக் குறைசொல்லியும் பயனில்லை.

இரண்டு நாள் கழித்து நான் அவரிடம் போய், பொங்கலுக்கு உங்கள் கடையையே போனில் போட்டால் என்ன என்று கேட்டேன். முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு மருமகள் வற்புறுத்தியதால் ஒத்துக்கொண்டார். நாற்பது உடுப்புகளைப் படம் எடுத்து, விலையும் அளவும் தமிழில் எழுதி வட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டோம். அதே குழுவில் பானை செய்கிற ஒரு குடும்பத்தின் பானைகளையும், ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் செய்து விற்கிற இரண்டு அக்காமாரின் பொருட்களையும் சேர்த்தோம். முச்சக்கரவண்டித் தம்பி ஒருவர் பின்னேரத்தில் வீடு வீடாகக் கொடுத்தார். பிடிக்காவிட்டால் அதே வண்டியில் திருப்பிக் கொடுக்கலாம்.

பெரிய வெற்றி என்று சொல்லமாட்டேன். பதினொரு சட்டை விற்றது, இரண்டு திரும்பி வந்தது. பானை அறுபதுக்கு மேல் போனது, ஏழு வழியில் உடைந்தது. மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. முதலாளி இன்னும் என்னோடு முழுதாகச் சமாதானமாகவில்லை. ஆனால் அந்தச் சக்கர நாற்காலி நண்பர் தாயாருக்கு வாங்கிய சாறி எதிர்க்கடையில் எடுத்தது.

யார் செய்யவேண்டியது எது

இந்த அனுபவத்திலிருந்து சில விடயங்களைத் தெளிவாகச் சொல்லலாம்.

முதலாவது, மொழி. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று என்று அரசியலமைப்பு 1987 இலிருந்து சொல்கிறது. ஒரு ஏழைப் பெண்ணின் கணக்கிலிருந்து காசு போகப்போகிறது என்ற எச்சரிக்கை அவளுக்கு விளங்காத மொழியில் வருவதை என்னவென்று சொல்வது? கணக்குத் திறக்கும்போது எந்த மொழியில் செய்தி வேண்டும் என்று கேட்டுப் பதிவதற்கு வங்கிகளுக்குப் பெரிய செலவில்லை. இதை மத்திய வங்கி கட்டாயமாக்கவேண்டும். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கக்கூடிய, கேட்டால் கிடைக்கக்கூடிய ஒரு விடயம் இது.

இரண்டாவது, கூட்டுறவு. வடக்கில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் போரையும் தாண்டி நின்றவை. அவற்றுக்குக் கட்டடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, சனத்தின் நம்பிக்கை இருக்கிறது. நான் ஒரு மேசையில் செய்வதை அவை ஒழுங்காகச் செய்யலாம். ஊர்ச் சனம் கேட்பதைச் சேர்த்து ஒன்றாக வாங்கினால் விலையும் குறையும். பார்சல் சங்கக் கடைக்கு வந்தால், பிரித்துப் பார்த்த பிறகு காசு கொடுக்கும்படி விற்பவரோடு பேசவும் பலம் இருக்கும். தனி ஒரு பெண்ணின் நம்பரும் வெளியே போகாது.

மூன்றாவது, முறைப்பாடு. நுகர்வோர் விவகார அதிகாரசபை பண்டிகைக் காலத்தில் கடைகளுக்குப் போய்ச் சோதிக்கிறது. அதேபோல லைவ் வியாபாரப் பக்கங்களையும் பார்க்கவேண்டும். விற்பவர் தன் பெயரையும் கடை விலாசத்தையும் காட்டவேண்டும் என்ற ஒரு விதி இருந்தாலே பாதிப் பிரச்சினை குறையும்.

இவை நடக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே என் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வாசகர்களும் தங்கள் வீட்டில் எழுதி ஒட்டலாம்.

பார்சல் வருகிறது என்று எந்தச் செய்தி வந்தாலும் அதிலுள்ள இணைப்பை அழுத்தவேண்டாம். நீங்கள் ஓடர் கொடுத்தவரை நீங்களே அழையுங்கள். வங்கியிலிருந்து போனுக்கு வரும் இலக்கம் உங்கள் வீட்டுத் திறப்பு. வங்கி என்று சொல்லிக் கேட்டாலும் கொடுக்கவேண்டாம். விலையும் படமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருங்கள். விலாசம் இல்லாத பக்கத்துக்கு முற்பணம் அனுப்பவேண்டாம். அடையாள அட்டைப் படம் எந்தச் சட்டைக்கும் தேவையில்லை. பெண்கள் தனியாக இருக்கும் வீடென்றால் பார்சலை என் கடை விலாசத்துக்கு எடுக்கலாம், அதற்குக் காசு இல்லை. தவணைக்கு எடுக்கமுதல் மூன்று தவணையும் எந்தக் காசில் கட்டப்போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். எங்கள் சந்தியில் கிடைக்கிற சாமானுக்கு முதலில் எங்கள் சந்தியில் கேளுங்கள்.

அந்த அக்காவின் உண்மையான பார்சல் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. அவர் கடை வாசலில் வைத்தே பிரித்தார். சட்டை படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் மங்கல். மகளுக்கு அளவு சரியாக இருந்தது. வங்கி புது அட்டை அனுப்பியிருக்கிறது. அதனோடு வந்த அறிவுறுத்தல் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை வாசித்துச் சொல்லச் சொல்லி நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.